காவலர் வண்டியை நிறுத்துவதற்கு இனத்தோற்றம் ஒரு காரணமாகலாமா?

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்)

1992 மே மாதத்தில் ராபர்ட் வில்கின்ஸ் என்ற கறுப்பின வழக்கறிஞர், சிகாகோவில் தம் தாத்தாவின் இறுதிச் சடங்கை முடித்துக்கொண்டு, உறவினர் மூவரோடு வாடகைக் காரில் வாஷிங்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மேரிலாந்தில் மாநிலக் காவலர் ஒருவர் அதிவேகம் என்று சொல்லி வண்டியை நிறுத்தினார். பிறகு வண்டியைச் சோதிக்கச் சம்மதம் கேட்டார். வில்கின்ஸ் சட்டம் தெரிந்தவர் என்பதால் மறுத்தார், அதற்குரிய தீர்ப்பையும் எடுத்துச் சொன்னார். மறுத்ததற்குக் கிடைத்தது மோப்ப நாய் வரும்வரை காத்திருப்புதான். துக்க வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அந்தக் குடும்பம் மழையில் சாலையோரம் நிற்க, நாய் வண்டியைச் சுற்றி முகர்ந்துவிட்டுப் போயிற்று. ஒன்றும் கிடைக்கவில்லை. 105 டாலர் அபராதச் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அவர் தொடுத்த வழக்கு 1995இல் சமரசத்தில் முடிந்தது. சோதனைக்குட்படுத்தும் ஒவ்வொரு வண்டியைப் பற்றியும், ஓட்டுநரின் இனம் உட்பட, பதிவு வைக்க வேண்டும் என்பது அந்தச் சமரசத்தின் நிபந்தனைகளில் ஒன்று. உளவியலாளர் ஜான் லாம்பர்த் அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு, ஐ-95 நெடுஞ்சாலையில் தாமே ஆள் வைத்து எண்ணிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டார். போக்குவரத்து விதியை மீறி ஓட்டியவர்களில் கறுப்பினத்தவர் சுமார் 17.5 சதவீதம்; சோதிக்கப்பட்டவர்களிலோ அவர்கள் 70 சதவீதத்திற்கும் மேல். இந்த இழையை நான் தொடங்குவது அதற்கடுத்த இரண்டு எண்களுக்காக. சோதிக்கப்பட்ட கறுப்பினத்தவரில் கடத்தல் பொருள் அகப்பட்டது 28.4 சதவீதத்தினரிடம், வெள்ளையரில் 28.8 சதவீதத்தினரிடம்.

இந்த இரண்டு எண்களையும் வைத்துக்கொண்டு ஒரு தரப்பு, 'நிறத்தைப் பார்த்துச் சோதித்ததால் கூடுதலாக ஒன்றும் அகப்படவில்லை, ஆகவே அது வீண்' என்கிறது. மறுதரப்பு, 'இரு சாராரிடமும் ஒரே விகிதத்தில் அகப்பட்டது என்றால், காவலர்கள் இருவரையும் ஒரே தராசில்தான் நிறுத்தியிருக்கிறார்கள்' என்கிறது. எண் ஒன்றுதான், முடிவு நேரெதிராக இருக்கிறது. ஆங்கிலத்தில் ரேஷியல் புரொஃபைலிங் என்று சொல்லப்படுவதற்குத் தமிழில் நிலைத்த சொல் அமையவில்லையாதலால், 'இனவாரிச் சந்தேகம்' என்றே இங்கு எழுதுகிறேன். 'ஓடியவர் சிவப்புச் சட்டை அணிந்த உயரமான வெள்ளையர்' என்று சாட்சி சொல்லி, காவலர் அப்படிப்பட்டவரைத் தேடுவதை நான் இதில் சேர்க்கவில்லை. குற்றம் இன்னதென்றே தெரியாத நிலையில், ஆளின் இனத்தைப் பார்த்து அவரிடம் ஏதோ இருக்கும் என்று எண்ணுவதைத்தான் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற காவலர்

நான் அமெரிக்காவில் பணியாற்றியவன் அல்லன். ஆனாலும் 20 ஆண்டுகளுக்கு மேல் சீருடை அணிந்தவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். ரோந்து வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதை அதை ஓட்டும் காவலர் முடிவு செய்வதில்லை. எங்கிருந்து புகார் வருகிறதோ அங்கே அனுப்பப்படுகிறார். புகார் செய்கிறவர்களில் பெரும்பாலோர் அதே பகுதியில், அதே இனத்தில் வாழும் எளிய மக்கள். அங்கே காவலரின் கண்ணில் படுகிறவர்களும் அவர்களாகவே இருப்பார்கள். இதை மக்கள்தொகை விகிதத்தோடு ஒப்பிட்டுவிட்டுப் 'பாகுபாடு' என்று முடிவு கட்டுவது அவசரம்.

இன்னொன்று அனுபவத்தைப் பற்றியது. அமெரிக்காவில் தடுத்து நிறுத்திச் சோதிக்கும் அதிகாரத்திற்கு அடிப்படையான 1968ஆம் ஆண்டின் டெர்ரி எதிர் ஒஹாயோ வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கிளீவ்லாந்து நகரத் துப்பறிவாளர் மெக்ஃபேடன் 39 ஆண்டுகள் காவல் பணியில் இருந்தவர். இரண்டு பேர் மாறி மாறி ஒரே கடையின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்ப்பதும், தெருமுனைக்குத் திரும்பிப் பேசிக்கொள்வதுமாக ஏறத்தாழ ஒரு டஜன் முறை நடந்ததைப் பார்த்த பிறகே அவர் அருகே சென்றார். இருவரிடமும் துப்பாக்கி இருந்தது. அவர் பார்த்தது நடத்தையைத்தான். பழகிய கண்ணுக்குத் தெரிவதைச் சட்டம் மதிக்கவில்லை என்றால், காவல் பணியை எழுத்தர்களிடம் ஒப்படைத்துவிடலாம்.

வாதி

ஐயா, அதே தீர்ப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது. அந்த இருவர்மீது முதலில் கண் போனது எதனால் என்று மெக்ஃபேடனால் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை என்று நீதிமன்றமே எழுதியிருக்கிறது. ஒரு டஜன் முறை எட்டிப் பார்த்தது, கண் போன பிறகு அவர் கண்டது. அன்று அதே தெருவில் எத்தனையோ பேர் கடைக் கண்ணாடிக்குள் பார்த்திருப்பார்கள். அவர்களை யாரும் எண்ணவில்லை. கவனித்துப் பார்க்கப்படுகிறவரிடம்தான் சந்தேகத்திற்குரிய நடத்தை தென்படும் என்பதால், முதல் பார்வை யார்மீது விழுகிறது என்பதிலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. அந்த முதல் பார்வையைக் கேள்வி கேட்கச் சட்டத்தில் வழியே இல்லை என்பதுதான் என் குறை.

1996இல் வந்த ரென் தீர்ப்பு இதை இன்னும் இறுக்கமாக்கிவிட்டது. வாஷிங்டனில் மஃப்டியில் இருந்த போதைப்பொருள் தடுப்புக் காவலர்கள், இரண்டு கறுப்பின இளைஞர்கள் இருந்த ஒரு பாத்ஃபைண்டர் வண்டி நிறுத்தக் குறியீட்டருகே 20 விநாடிக்கு மேல் நின்றதையும், பின்பு சைகை விளக்குப் போடாமல் திரும்பியதையும் காரணம் காட்டி மறித்தார்கள். சாதாரண நாளில் அந்தக் காவலர்கள் யாரையும் இதற்காக மறிப்பவர்கள் அல்லர். போக்குவரத்து விதி வெறும் சாக்கு என்பது அந்த இளைஞர்கள் தரப்பின் வாதம். உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்ன விடை, விதிமீறல் உண்மையாக நடந்திருந்தால் காவலரின் உள்நோக்கம், நியாயமற்ற சோதனையைத் தடைசெய்யும் அரசமைப்பின் நான்காம் திருத்தத்தின்கீழ் பொருட்டல்ல என்பது. இனப் பாகுபாடு என்று கருதினால், சட்டம் அனைவரையும் சமமாக நடத்த வேண்டும் என்னும் சமப் பாதுகாப்பு விதியின்கீழ் தனியே வழக்குத் தொடுக்கலாம் என்றும் சொன்னார்கள். அங்கே போனால் உள்நோக்கத்தை நிரூபிக்கச் சொல்வார்கள். முன்வாசலில் உள்நோக்கம் வேண்டாம் என்கிறார்கள், பின்வாசலில் அது இல்லாமல் வராதே என்கிறார்கள். போக்குவரத்துச் சட்டப் புத்தகமோ, பத்து நிமிடம் பின்தொடர்ந்தால் எவரையும் ஏதாவது ஒரு விதியில் சிக்கவைக்கும் அளவுக்குத் தடிமனானது.

கணக்கர்

நெடுவழி எழுப்பிய கேள்விக்கு நேரடியாக வருகிறேன், சற்று நீளும்.

மேரிலாந்துப் பதிவுகளை 2001இல் ஜான் நோல்ஸ், நிக்கோலா பெர்சிக்கோ, பெட்ரா டாட் என்ற மூன்று பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். காவலர் ஒருவர் தம் சோதனைகளில் முடிந்தவரை அதிகமாகப் பிடிக்க விரும்புகிறார். கடத்துபவரோ தாம் சோதிக்கப்படும் வாய்ப்பைப் பார்த்துத் தம் போக்கை மாற்றிக்கொள்கிறார். இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஒரு நிலைக்கு வரும்போது, காவலரிடம் வெறுப்பு இல்லையென்றால், பிடிபடும் விகிதம் எல்லா இனத்திலும் ஒன்றாகவே இருக்கும் என்பது அவர்கள் தருக்கம். வெறுப்பு இருந்தால், குறைந்த ஆதாரத்தோடும் ஒரு சாராரைச் சோதிப்பார்கள். அச்சாராரின் பிடிபடும் விகிதம் சரியும். கறுப்பினத்தவர் விஷயத்தில் அது சரியவில்லை. ஹிஸ்பானியர், அதாவது ஸ்பானிய மொழி வழியினர், விஷயத்தில் தெளிவாகச் சரிந்திருந்தது. 'ஒரே தராசு' என்ற வாதம் இங்கிருந்து வருவதுதான். அதைப் பிதற்றல் என்று ஒதுக்க முடியாது.

ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. சராசரியைப் பார்த்து விளிம்பைக் கணிப்பதுதான் அது. ஒரு கற்பனைக் கணக்கு: அ, ஆ என்று இரண்டு குழுக்கள். இரண்டிலும் பெரும்பாலோரிடம் ஒன்றும் இருக்க வாய்ப்பில்லை. சந்தேகத்திற்குரிய சிலரில், அ குழுவினரிடம் பொருள் இருக்கும் வாய்ப்பு 60 சதவீதம், ஆ குழுவினரிடம் 40 சதவீதம். '10 சதவீதத்திற்கு மேல் வாய்ப்பிருந்தால் சோதிப்பேன்' என்ற ஒரே அளவுகோலை இரு சாராருக்கும் நேர்மையாகப் பயன்படுத்தும் காவலருக்கும் பிடிபடும் விகிதம் 60, 40 என்றுதான் வரும். நேர்மையானவர் பாகுபாடு காட்டுபவராகத் தோன்றுவார். இதையே திருப்பிப் போட்டால், பாகுபாடு காட்டுபவரின் கணக்கில் இரண்டும் சமமாக வந்து நிற்கவும் கூடும். ஆகவே 28.4, 28.8 என்ற எண்கள் தம்மளவில் எந்தத் தரப்புக்கும் சாட்சி சொல்லவில்லை. இப்படிச் சொல்வதால் இரு தரப்பும் என்மீது வருத்தப்படும் என்று தெரியும்.

மக்கள்தொகை ஒப்பீடு பற்றி ஓய்வுபெற்ற காவலர் சொன்னது சரியே. அந்தச் சிக்கலைத் தவிர்க்க, 2006இல் குரோகர், ரிட்ஜ்வே என்ற இருவர் ஓக்லாந்து நகரத் தரவுகளைக் கொண்டு ஓர் உபாயத்தைக் கையாண்டார்கள். மாலை ஏழு மணி ஒரு பருவத்தில் வெளிச்சம், இன்னொரு பருவத்தில் இருட்டு. அந்த நேரத்தில் சாலையில் செல்பவர்கள் ஏறக்குறைய அதே மனிதர்கள்; இருட்டில் மட்டும் ஓட்டுநரின் முகம் காவலருக்குத் தெரிவதில்லை. இருட்டியபின் நிறுத்தப்படுபவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு குறைந்தால், வெளிச்சத்தில் நிறம் வேலை செய்திருக்கிறது என்று பொருள். அவர்கள் ஓக்லாந்தில் அத்தகைய பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. 2020இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாடெங்கிலுமிருந்து சுமார் 10 கோடி நிறுத்தங்களின் பதிவுகளைத் திரட்டி இதே சோதனையைச் செய்தபோது, இருட்டியபின் அந்தப் பங்கு குறைந்தது. தெருவிளக்கு வெளிச்சத்திலும் முகம் ஓரளவு தெரியும் என்பதால், உண்மையான வேறுபாடு அளந்ததைவிடக் கூடுதலாகவே இருக்கலாம்.

பின்னிருக்கை

ஆய்வுகளுக்கு நடுவே ஒரு சொந்த அனுபவம், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய நெடுஞ்சாலை ஒன்றில் இரவு பத்து மணிவாக்கில் எங்கள் வண்டியை மறித்தார்கள். எந்த மாநிலம், எந்தத் துறை என்பது வேண்டாம். என் கணவர் இரண்டு கைகளையும் ஸ்டியரிங் வளையத்தின்மேல் வைத்துக்கொண்டார். உரிமத்தை எடுக்கச் சட்டைப்பைக்குள் கை விடலாமா என்று கேட்டுவிட்டே எடுத்தார். டார்ச் வெளிச்சம் முதலில் அவர் முகத்தில், பிறகு பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த எங்கள் மகன் முகத்தில் விழுந்தது. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னதும், 'அதற்கு முன்னால்' என்றார். பின்விளக்கில் ஒன்று எரியவில்லை என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தபோது இரண்டும் எரிந்தன.

பதினோரு நிமிடம். எந்தப் புள்ளிவிவரத்திலும் அது சேர்ந்திருக்காது, ஏனென்றால் சீட்டு எதுவும் எழுதவில்லை. அவர் மரியாதையாகத்தான் பேசினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது அந்தச் சாலையில் ஏறும் ஒவ்வொரு முறையும் என் கணவர் கிளம்புவதற்குமுன் பின்பக்கம் போய் விளக்கைப் பார்க்கிறார்.

ஓய்வுபெற்ற காவலர்

அம்மா, நடந்ததற்கு வருந்துகிறேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்றால் அவர் செய்தது தவறு, அதில் இரண்டாம் பேச்சில்லை.

இருந்தாலும் ஒட்டுமொத்த விளைவையும் பார்க்க வேண்டும். நியூயார்க் நகரம் 1990களின் தொடக்கத்தில் எப்படி இருந்தது, பிறகு எப்படி ஆனது? தெருவில் நிறுத்திச் சோதிப்பதால் துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள் என்ற நிர்வாகத்தின் வாதத்தை முற்றிலும் தள்ளிவிட முடியுமா? அதனால் பிழைத்தவர்களிலும் கறுப்பின இளைஞர்களே மிகுதி.

கணக்கர்

அந்த நகரத்தில் நடந்ததைப் பதிவுகளே சொல்கின்றன. 2011இல் மட்டும் 6,85,724 நிறுத்தங்கள். 2013 ஆகஸ்டில், இந்த நிறுத்தங்களை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட ஃபிளாய்டு வழக்கில் நீதிபதி ஷீரா ஷைண்ட்லின், 2004 முதல் 2012 நடுப்பகுதி வரையிலான 44 லட்சம் நிறுத்தங்களை ஆராய்ந்து, நகரம் அரசமைப்பை மீறியது என்று தீர்ப்பளித்தார். நிறுத்தப்பட்டவர்களில் 52 சதவீதம் கறுப்பினத்தவர், 31 சதவீதம் ஹிஸ்பானியர், 10 சதவீதம் வெள்ளையர். நூற்றுக்கு 88 நிறுத்தங்கள் கைதும் இல்லாமல், அழைப்பாணையும் இல்லாமல் முடிந்தன. ஆயுதம் அகப்பட்டது கறுப்பினத்தவரை நிறுத்தியதில் 1.0 சதவீதம், ஹிஸ்பானியரில் 1.1, வெள்ளையரில் 1.4.

நிறுத்தங்கள் 2018இல் சுமார் 11,000 ஆகக் குறைந்தன. கொலைகள் 2011இல் 515, 2018இல் 295. இந்த முறையைக் கைவிட்டால் நகரம் இரத்தக்களரியாகும் என்று சொல்லப்பட்டது நடக்கவில்லை. அந்தக் கொள்கையை ஆண்டுக்கணக்கில் தாங்கிப் பேசிய மேயர் புளூம்பெர்க், 2019இல் மன்னிப்புக் கேட்டார். அவர் அதிபர் வேட்பாளராகக் களமிறங்கிய வேளை அது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற காவலர்

கொலை குறைந்ததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்று நான் சொன்னால், அது முன்பு குறைந்ததற்கும் பொருந்தும் என்று நீங்கள் சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அந்த அளவுக்கு நிறுத்தங்கள் தேவைப்படவில்லை என்பது வரை உங்களோடு வருகிறேன்.

வாதி

நெடுவழி தொடக்கத்தில் சாட்சி சொன்ன அடையாளத்தைத் தனியே ஒதுக்கி வைத்தார். அந்தக் கோடு அவ்வளவு தெளிவானதன்று. 1992 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் ஒனியான்டா என்ற சிற்றூரில் 77 வயது மூதாட்டி ஒருவர் வீட்டிற்குள் தாக்கப்பட்டார். தாக்கியவரின் முகத்தை அவர் பார்க்கவில்லை. கையையும் முன்னங்கையையும் பார்த்துக் கறுப்பினத்தவர் என்றார், அறையைக் கடந்த வேகத்தை வைத்து இளைஞர் என்றார், கத்தி பட்டுக் கையில் வெட்டு விழுந்திருக்கும் என்றார். காவல்துறை அங்கிருந்த கல்லூரியிடம் கறுப்பின ஆண் மாணவர்களின் பட்டியலையே வாங்கியது. அதில் ஆள் கிடைக்காமல் போகவே, ஊரில் கண்ணில் பட்ட வெள்ளையரல்லாதவர்கள் 200 பேருக்கு மேல் நிறுத்தி விசாரித்தது, கைகளைப் பார்த்தது. ஊரில் மொத்தக் கறுப்பினத்தவரே 300 பேருக்குக் குறைவு.

இது இனவாரிச் சந்தேகம் அன்று, சாட்சி கொடுத்த அடையாளத்தைப் பின்பற்றியது மட்டுமே என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சமப் பாதுகாப்பு வாதத்தைத் தள்ளிவிட்டது. அடையாளத்தில் இனத்தைத் தவிர வேறொன்றும் ஏறக்குறைய இல்லாதபோது, அதைப் பின்பற்றுவது ஓர் இனத்தையே வரிசையில் நிறுத்துவதாக முடிகிறது.

குடியேற்றச் சோதனைகளில் கோடு இதைவிட மங்கல். 1975ஆம் ஆண்டின் பிரிக்னோனி-போன்ஸ் தீர்ப்பு, மெக்சிகோக்காரர்போல் தோன்றுவது மட்டுமே ஒரு வண்டியை நிறுத்தப் போதாது, ஆனால் மற்றக் காரணங்களோடு சேர்ந்த ஒரு காரணமாகலாம் என்றது. ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே வாக்கியம் லாஸ் ஏஞ்சலிஸில் உயிர்பெற்றது. 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றம், இனத்தோற்றம், ஸ்பானிய மொழி அல்லது உச்சரிப்பு, நிற்கும் இடம், செய்யும் வேலை ஆகிய நான்கை மட்டும் வைத்து ஆட்களைத் தடுத்து நிறுத்தக் கூடாது என்று தடை விதித்தது. செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. பெரும்பான்மை காரணம் எழுதவில்லை. நீதிபதி கவனா தனியே எழுதியதில் 1975இன் வாக்கியத்தைத்தான் எடுத்தாண்டார். சோடோமேயரும் வேறு இருவரும் மாறுபட்டார்கள். கார் கழுவும் இடத்தில் ஸ்பானிய மொழி பேசிக்கொண்டு நிற்கும் குடிமகனுக்கு, இந்த நான்கில் எதை மாற்றிக்கொண்டால் தப்பலாம் என்று நான் யோசித்துப் பார்த்தேன்.

நெடுவழி

கணக்கரின் விளக்கத்திற்குப் பிறகு என் நிலைப்பாடு சற்று நகர்ந்திருக்கிறது. பாகுபாடு இருந்ததா என்பதைப் பிடிபட்டவர்களின் விகிதத்திலிருந்து கறந்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன், அது கைகூடாது. காவலரின் உள்ளத்தை நீதிமன்றத்தாலும் திறக்க முடியவில்லை. மிஞ்சுவது ஒன்றுதான்: எந்தக் காரணங்களுக்காக நிறுத்தலாம் என்ற பட்டியலையே குறுக்குவது. பிலடெல்பியா நகரம் 2022 மார்ச் முதல் அதைத்தான் செய்கிறது. ஒற்றை நிறுத்த விளக்கு எரியாதது, கண்ணாடியில் ஏதோ தொங்குவது போன்ற எட்டுச் சிறு மீறல்களுக்காக மட்டும் வண்டியை மறிக்கக் கூடாது. கலிபோர்னியாவில் 2024 முதல், வேறு கேள்வி கேட்பதற்குமுன் ஏன் நிறுத்தினேன் என்பதைக் காவலர் சொல்லிவிட வேண்டும். பின்னிருக்கை அவர்களின் வண்டியை நிறுத்தியவரிடம் முதலாவது சாக்கு இருந்திருக்காது.

பின்னிருக்கை

வேறு சாக்குக் கிடைத்திருக்கும். ஆனாலும் தேட வேண்டியிருந்திருக்கும் என்பது உண்மை.

ஓய்வுபெற்ற காவலர்

காரணத்தை எழுதச் சொல்வதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நியூயார்க் படிவத்தில் 'மறைவான அசைவுகள்', 'குற்றம் மிகுந்த பகுதி' என்ற கட்டங்களில் குறி போட்டே பெரும்பாலான நிறுத்தங்களைக் கடத்தியிருக்கிறார்கள். எங்கள் துறையில் கட்டம்கூட இல்லை. நோட்டுப் புத்தகத்தில் 'சந்தேகத்திற்கிடமான நடமாட்டம்' என்று எழுதுவோம். அதையே நான் எத்தனை பக்கங்களில் எழுதியிருப்பேன் என்று சொல்ல முடியாது. அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

கணக்கர்

கேட்கிறேன் என்று தவறாக எண்ண வேண்டாம், ஐயா. அப்படி நிறுத்தியவர்களில் எத்தனை பேரிடம் ஏதேனும் கிடைத்தது?

ஓய்வுபெற்ற காவலர்

இரண்டு நாளாக உங்கள் கேள்வியை யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பேருந்து நிலையத்தில் பிடித்த ஆளின் காலுறைக்குள் இருந்த கத்தி நினைவிருக்கிறது, அதன் பிடியில் சுற்றியிருந்த நீல நூல்வரை. திருட்டுக் கைக்கடிகாரங்கள் மூன்றை இடுப்பில் கட்டியிருந்த ஒருவர் நினைவிருக்கிறார். இன்னும் நாலைந்து பேரைச் சொல்ல முடியும். அவர்களைக் கொண்டுதான் என் கண் பழகியது என்று இத்தனை காலம் சொல்லி வந்திருக்கிறேன். ஒன்றும் கிடைக்காமல் போகச் சொன்னவர்கள் அவர்களைப்போல் பல மடங்கு இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் முகம்கூட எனக்கு நினைவில் இல்லை.